மாஸ்டா காருக்கு கேப் இன்ஷூரன்ஸ்: எடுத்தவர்கள் சொல்லுங்களேன்

அமெரிக்காவில் கடனில் கார் வாங்கிய நண்பர்களுக்கு வணக்கம். மாஸ்டா சிஎக்ஸ்-5 வாங்கப் போகிறேன். 1920-ல் ஹிரோஷிமாவில் தக்கை கம்பெனியாகத் தொடங்கி, 1991-ல் ரோட்டரி என்ஜினோடு லே மான் 24 மணி நேரப் பந்தயத்தையே ஜெயித்தவர்கள். அந்த வரலாற்றுக்காகவே தனிப் பிரியம்.

குழப்பம் கேப் இன்ஷூரன்ஸில்தான். முன்பணம் குறைவு, கடன் 72 மாதம். கார் மொத்தமாக நொறுங்கினால் சாதாரண இன்ஷூரன்ஸ் அன்றைய சந்தை மதிப்பைத்தான் தரும். மீதிக் கடன் நம் தலையில். அந்த இடைவெளியை ஈடுகட்டுவதுதான் கேப் இன்ஷூரன்ஸ். டீலர், கடனோடு சேர்த்துவிடலாம் என்கிறார். அப்போது அதற்கும் வட்டி கட்ட வேண்டுமே! இன்ஷூரன்ஸ் கம்பெனியிலோ கிரெடிட் யூனியனிலோ (உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு வங்கி மாதிரி) தனியாக எடுத்தவர்கள் உண்டா? கிளெய்மில் டிடக்டிபிளையும் (நாம் கையிலிருந்து ஏற்க வேண்டிய பங்கு) கொடுத்தார்களா? அப்புறம், கடனைச் சீக்கிரம் அடைத்தவர்களுக்கு கேப் இன்ஷூரன்ஸுக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைத்ததா? இந்த வாரமே கையெழுத்துப் போட வேண்டும், தயவுசெய்து சொல்லுங்கள்.