ஓர்னிதொப்டர்: ‘மனிதவலுச் சிறகடி வானூர்தி’ எனலாமா?

அன்புடையீர்,

சிறகடித்துப் பறக்கும் வானூர்தியான ‘ஓர்னிதொப்டர்’ என்பதற்கும், மனிதன் தன் உடல்வலுவால் இயக்கும் அதன் வகைக்கும், நம் அகராதிக்கென இதுவரை முன்வைக்கப்பட்ட சொற்களில் எதையும் என்னால் முழுமனதாக ஏற்க முடியவில்லை. ‘பறவை வானூர்தி’ கிரேக்க மூலத்தை ஒட்டியதே. ஆனால் வௌவாலும் தும்பியும் சிறகடித்தே பறக்கின்றன, பறவையோ எந்நேரமும் சிறகடிப்பதில்லை. பண்டாரவளைப் பக்கம் வெயில் ஏறியதும், தேயிலைச் சரிவை ஒட்டி மேலெழும் காற்றில் பருந்து வட்டமிடும்போது, அதன் சிறகுநுனி இறகுகள் விரல்கள்போல் விரிந்து சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். வேறு அசைவே இராது. “றெக்கை அடிக்காமலே மேல போகுது சேர்” என்று மாணவர்கள் சொல்வது மிகச் சரி, அது அப்போது வெறும் கிளைடர்தான். ‘அசைசிறகு’ என்றால், வேகத்துக்கேற்பச் சிறகைப் பின்னோக்கி மடக்கும் போர்விமானங்களும் அதற்குள் வந்துவிடும். சிறகைக் குறிக்கும் ‘செட்டை’ யாழ்ப்பாண நண்பர்களுக்கு இனிக்கலாம். எங்கள் இலங்கை விஞ்ஞானப் பாடத்தில் அது மீனுக்குப் போய்விட்டது.

சொல்லில் வரவேண்டியது அடித்தல் என்னும் வினை. சாதாரண விமானத்தில் இறக்கை தூக்க, எஞ்சின் முன்தள்ளுகிறது. இங்கோ இரண்டு வேலையும் சிறகுக்கே. சிறகு கீழ்நோக்கி இறங்கும்போது எதிர்க்காற்று அதற்குச் சற்றுக் கீழிருந்து வருவதுபோல் அமைவதால், உயர்த்தும் விசை முன்பக்கம் சாய்ந்து உந்துதலாகவும் ஆகிறது. ஆகவே ‘சிறகடி வானூர்தி’ என்ற வினைத்தொகையே எனக்குப் பொருந்துகிறது.

மனிதன் இயக்குவதைக் காட்டும் முன்னொட்டில் ‘ஆற்றல்’ வேண்டாம், ‘வலு’ வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. எங்கள் பாடநூல்களில் சக்தி (ஆற்றல்) வேறு, வலு வேறு. மனிதனிடம் சக்திக்குப் பஞ்சமில்லை. அதை ஒரு செக்கனில் எவ்வளவு வெளியிட முடியும் என்பதே தடை. பயிற்சி பெற்ற மிதிவண்டி வீரர் நெடுநேரம் தாங்கக்கூடியது ஏறத்தாழ 200 முதல் 300 வாற்று. அந்த வலுவைக்கொண்டு, சுழலும் காற்றாடி (புரொபெல்லர்) பூட்டிய, மிதித்து ஓட்டும் ‘டெடலஸ்’ விமானம் 1988இல் கிரேக்கத்தின் கிரீட் தீவிலிருந்து சாண்டொரினி வரை 115 கிலோமீற்றர் பறந்தது. சிறகடித்துப் பறப்பதற்கு அது போதவில்லை. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மனிதவலுச் சிறகடி வானூர்தியான ‘ஸ்னோபேட்’, 32 மீற்றர் சிறகு விரிவும் 43 கிலோகிராமுக்குக் குறைந்த எடையும் கொண்டிருந்தும், 2010 ஓகஸ்ட் 2ஆம் திகதி காரால் இழுத்து மேலேற்றப்பட்ட பின்னரே 19.3 செக்கன் தன் வலுவில் பறந்து 145 மீற்றரைக் கடந்தது.

‘மிதிவானூர்தி’ என்ற யோசனை அழகானதுதான். ஆனால் ‘ஸ்னோபேட்’டில் சுழலும் மிதி இல்லை; ஓட்டுநர் டொட் ரைக்கேட் இரு கால்களையும் ஒருசேர நீட்டித் தள்ள, கப்பிகளில் ஓடிய கயிறுகள் சிறகுகளைக் கீழே இழுத்தன. துடுப்பு வலிப்பவரின் கால்வேலைக்கே அது நெருக்கம். ‘மிதி’யை ‘டெடலஸ்’ வகைக்கு விட்டுவிடலாம்.

முன்னொட்டைப் பிரித்து வைப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. அதே ரைக்கேட் 2013இல் 64 செக்கன் மேலெழுந்து நின்று மனிதவலு ஹெலிகொப்டருக்கான சிகோர்ஸ்கி பரிசை வென்ற ‘அட்லஸ்’, ‘மனிதவலு உலங்குவானூர்தி’ ஆகிவிடும். எஞ்சின் பூட்டியது வெறும் ‘சிறகடி வானூர்தி’. எனவே அகராதியில் ‘மனிதவலு’, ‘சிறகடி வானூர்தி’ ஆகிய இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாக இடும்படி கேட்டுக்கொள்கிறேன். ‘வலு’வுக்குத் தமிழகத்தில் ‘திறன்’ வழங்குவதை அடைப்புக்குறியில் காட்டினால் போதும்.