ஹெபடைட்டிஸ் பி இருக்கு, எஸ்ஜிபிடி நார்மல். ஸ்கேன் தேவையா?

வெண்ணாறு:
அண்ணனுக்கு 43 வயசு, மன்னார்குடி. ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ். எஸ்ஜிபிடி (ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை) நார்மல், சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிப் போவது) இல்லை, மாத்திரையும் இல்லை. அப்பா ஈரல் புற்றுநோயில் தவறியவர். கீழாநெல்லி போதும் என்கிறார்கள் ஊரில். ஸ்கேன் எப்போதெல்லாம் எடுக்கணும்?

அரசலாறு:
எஸ்ஜிபிடியை நம்பி இருந்துவிடாதீங்க. ஈரலில் இப்போது எவ்வளவு அழற்சி என்பதைத்தான் அது சொல்லும். பி வைரஸ் தன் டிஎன்ஏவை ஈரல் செல்லின் டிஎன்ஏவுக்குள் செருகிவிடும். அதனால் சிரோசிஸ் வராமலே கட்டி வரலாம். நம்மைப் போன்ற ஆசியர்களில் ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50 தாண்டினால் கண்காணிப்பு வேணும். சிரோசிஸ் இருந்தாலோ, பெற்றவருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்தப் புற்றுநோய் வந்திருந்தாலோ வயசே பார்ப்பதில்லை. அண்ணன் இரண்டு வகையிலும் வருகிறார்.

6 மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் அல்ட்ராசவுண்ட், கூடவே ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனை. ஏஎஃப்பி மட்டும் எடுத்தால் ஏமாந்துபோவீங்க, சின்னக் கட்டிகள் பலவற்றில் அது ஏறுவதே இல்லை. கொழுப்பு ஈரலில் ஆழத்தில் இருப்பது ஸ்கேனில் மறையும். ஈரல் சரியாகத் தெரியவில்லை என்று ரிப்போர்ட்டில் இருந்தால் டாக்டரிடம் அந்த வரியைக் காட்டிக் கேளுங்க. 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் கட்டி, இல்லை ஏஎஃப்பி ஒரு மில்லிக்கு 20 நானோகிராமுக்கு மேல் என்றால் மருந்து ஏற்றி எடுக்கும் சிடி அல்லது எம்ஆர்ஐ.

குடமுருட்டி:
வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் அளவு) பார்த்தாச்சா? ஒரு மில்லிக்கு 2,000 ஐயூவைத் தாண்டினால் ஆபத்து ஏறுகிறது என்று 2006இல் தைவான் ஆய்வு காட்டியது. பிளேட்லெட், ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் பாருங்க. மாத்திரை தேவைப்பட்டால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர். ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது, அதனால் ஸ்கேன் தொடரணும். தானாக நிறுத்தினால் வைரஸ் திரும்பக் கிளம்பி ஈரல் செயலிழக்கும் அளவுக்குப் போகலாம். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டத்தில் சிகிச்சை இலவசம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்க.

கீழாநெல்லிக்கு 1988இல் சென்னை ஆய்வு ஒன்று நம்பிக்கை தந்தது உண்மை. பிறகு மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

வீரசோழன்:
நிலக்கடலையையும் கவனிங்க. ஐப்பசி மழையில் ஈரத்தோடு மூட்டை கட்டியதில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஊறும். பி வைரஸோடு சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. பருப்பைப் பிளந்தால் உள்ளே பச்சை மஞ்சளாய்த் தூள் இருக்கலாம். வறுத்தாலும் முழுசாகப் போகாது. சுருங்கியது, கசப்பது எல்லாம் தூரப் போடுங்க, செக்குக்கும் அனுப்பாதீங்க. சாராயம் சொட்டுகூட வேண்டாம்.

நீங்க, அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் எச்பிஎஸ்ஏஜி (பி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) பாருங்க. நோயும் இல்லை, எதிர்ப்பு சக்தியும் இல்லை என்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தடுப்பூசி.