டீம் ரீபில்ட்ல இருக்கும்போது ரசிகனா எப்படி தாக்குப்பிடிக்கிறீங்க? (வொயிட் சாக்ஸ்)

சவுத்சைடு_செந்தில்:

வணக்கம் மக்களே. சிகாகோல இருக்கேன், இங்க வேலைக்கு வந்ததுலேர்ந்தே வொயிட் சாக்ஸ்தான். பேஸ்பால் பாக்குற நம்ம ஆளுங்க யாராவது இருப்பீங்கன்னு நம்பி கேக்குறேன்.

2023-ல 101 தோல்வி, 2024-ல 121, 2025-ல 102. அந்த 121 இருக்கே, 1900-க்கு அப்புறம் ஒரே சீசன்ல எந்த டீமும் அவ்ளோ தோத்ததில்ல, 1962 மெட்ஸே 120-ஓட நின்னுட்டாங்க. தோல்வியக்கூட தாங்கிக்கலாம், ஆனா இது ரெண்டாவது ரீபில்ட் (பெரிய பிளேயர்களக் குடுத்துட்டு இளம் பசங்கள வாங்கி டீமை மறுபடி கட்டுறது), அதான் முடியல. 2016 கடைசில பிட்சர் (பந்து எறியுறவரு) கிறிஸ் சேலை பாஸ்டனுக்கு குடுத்து மொத ரீபில்ட ஆரம்பிச்சாங்க, மொன்காடா வந்தாரு, கோபெக் வந்தாரு, அடுத்த வருஷம் கின்டானாவ இதே ஊரு கப்ஸுக்கு குடுத்து எலோய் ஹிமெனெஸும் டிலன் சீஸும் வந்தாங்க, பொறுத்துக்கோங்கன்னாங்க, பொறுத்தோம், 2021-ல 93 ஆட்டம் ஜெயிச்சு டிவிஷன் டைட்டில் அடிச்சோம், பிளேஆஃப்ல ஆஸ்ட்ரோஸ்கிட்ட தோத்தோம், அவ்ளோதான், ரெண்டே வருஷத்துல மறுபடி தரைமட்டம். 2024 டிசம்பர்ல பிட்சர் கேரட் க்ரோஷேவையும் அதே பாஸ்டனுக்கே அனுப்பிட்டாங்க. அவரு அங்க போன மொத சீசனே 18 ஜெயிச்சு சை யங் (வருஷத்தோட சிறந்த பிட்சர் அவார்டு) ஓட்டுல ரெண்டாவதா வந்துட்டாரு. வயிறு எரியுது.

பையனோட ஸ்கூல்ல முக்காவாசி பேரு கப்ஸ். அவனுக்கும் கப்ஸ் தொப்பி வேணுமாம். டீமை மாத்துற எண்ணம் எனக்கு சுத்தமா இல்ல, ஆனா மே மாசமே முடிஞ்சுபோற சீசன செப்டம்பர் வரைக்கும் எதுக்காக பாக்குறீங்க, எப்படி பாக்குறீங்க?

டெட்ராய்ட்_மணி:

அண்ணா, நான் டைகர்ஸ். உங்களோட 121-வது தோல்வி எங்க ஊர்லதான் நடந்துச்சு, 2024 செப்டம்பர் 27, கொமெரிகா பார்க், 4-1. அதே ஆட்டத்த ஜெயிச்சுதான் நாங்க பத்து வருஷம் கழிச்சு பிளேஆஃபுக்குள்ள போனோம். நாங்களும் 2019-ல 114 தோத்தவங்கதான்.

நான் பண்ணது என்னன்னா ஸ்டாண்டிங்ஸ் பாக்குறதையே விட்டுட்டேன், ஒரு பிளேயர பிடிச்சுக்கிட்டேன். பிட்சர் டாரிக் ஸ்கூபல். 2018 டிராஃப்ட்ல (டீம்கள் வரிசையா புது பிளேயர்கள எடுக்குறது) ஒன்பதாவது ரவுண்டுல எடுத்த ஆளு, யாரும் பெருசா பேசல. 2021-ல 35 ஹோம் ரன் குடுத்தாரு, ஃபாஸ்ட்பால எங்க போட்டாலும் பந்து வெளிய போயிட்டே இருந்துச்சு. 2022-ல கையில சர்ஜரி, 2023 நடுவுலதான் திரும்பி வந்தாரு, வந்ததுமே அவரோட சேஞ்ச்அப் (ஃபாஸ்ட்பால் மாதிரியே எறியுற மெதுவான பந்து) வேற லெவல்ல இருந்துச்சு, பேட்டர் ஃபாஸ்ட்பால்னு நெனச்சு முழுசா சுத்தி முடிச்சப்புறம்தான் பந்தே வந்து சேரும். 2024-லயும் 2025-லயும் சை யங் வாங்கிட்டாரு. அந்த 35 ஹோம் ரனையும் உக்காந்து பாத்தவனுக்கு அந்த அவார்டு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப்பாருங்க. அஞ்சு நாளைக்கு ஒருதடவ அவரோட ஆட்டம், எனக்கு சீசன்னா அதுதான்.

கேம்டன்_கவிதா:

மணி சொல்றது சரி, ஆனா கடைசில கப்பு வரும்னு நம்பி பாக்காதீங்க, அத மட்டும் கேட்டுக்கோங்க. நாங்க பால்டிமோர் ஓரியோல்ஸ், 2018-ல 115 தோல்வி, 2019-ல 108, 2021-ல 110. அப்புறம் 2023-ல 101 வெற்றி, ஊரே ஆடுச்சு, ஆனா பிளேஆஃப்ல ரேஞ்சர்ஸ்கிட்ட ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல, 2024-ல ராயல்ஸ்கிட்டயும் அதே கதை, 2025-ல 75-87. ரீபில்ட் முடிஞ்சா எல்லாம் சரியாயிடும்னு எந்த டீமும் எழுதி குடுக்க முடியாது.

ஆனா என்னக் கேட்டா, ஓரியோல்ஸ் ஆட்டத்துல நான் பாத்ததுலயே பெஸ்ட் அந்த 110 தோல்வி சீசன்லதான். 2021 மே 5, சியாட்டில்ல எங்க பிட்சர் ஜான் மீன்ஸ் நோ-ஹிட்டர் போட்டாரு, அதாவது ஆட்டம் முழுக்க எதிர் டீமுக்கு ஒரு ஹிட்கூட குடுக்கல. வாக் (நாலு தப்பு பந்துக்கு சும்மா பேஸ் குடுக்குறது) கூட இல்ல, ஒரே ஒருத்தன்தான் பேஸுக்கு போனான், அவனும் ஸ்ட்ரைக்அவுட் ஆனவன், மூணாவது ஸ்ட்ரைக் பந்து கேட்ச்சர்கிட்டேர்ந்து நழுவி ஓடினதால பேஸுக்கு போயிட்டான், அடுத்து ஸ்டீல் பண்ண (பிட்சர் அசந்த நேரம் அடுத்த பேஸுக்கு ஓட) பாத்து அவுட்டும் ஆயிட்டான். மொத்தமே 27 பேட்டர்ஸ். அந்த ஒரு பந்து நழுவாம இருந்திருந்தா ஒருத்தனக்கூட பேஸுக்கு விடாத பெர்ஃபெக்ட் கேம்! அதே சீசன்லதான் செட்ரிக் மல்லின்ஸ் 30 ஹோம் ரனும் 30 ஸ்டீலும் அடிச்சாரு, ஓரியோல்ஸ்ல அதுக்கு முன்னாடி யாருமே பண்ணாதது. டீம் மோசம்னு டிவிய ஆஃப் பண்ணவங்க இது ரெண்டையும் பாக்கல.

35வது_தெரு:

நானும் சாக்ஸ்தான் செந்தில். பாருங்க, ஆனா காசு குடுக்காதீங்க, இது என்னோட கருத்து. டிக்கெட் இல்ல, ஜெர்சி இல்ல. அந்த ஓனர் கைக்கு என் காசு போகக்கூடாது. ரேடியோ கேக்குறேன், மைனர் லீக் ஃபாலோ பண்றேன். மேஜர் லீக்ல 121 தோத்த அதே வருஷம் நம்ம டபுள்-ஏ (மைனர் லீக்ல ஒரு படி) டீம் பர்மிங்ஹாம் பேரன்ஸ் சதர்ன் லீக் சாம்பியன், அது எத்தன பேருக்கு தெரியும்?

கோல்சன் மாண்ட்கோமரிய எடுத்துக்கோங்க. 2025 ஆரம்பத்துல நம்ம மைனர் லீக் டீம் சார்லட்ல பந்தே படல, ஆட்டத்துலேர்ந்து எடுத்து அரிசோனாவுக்கு அனுப்பி ஸ்விங்க சரிபண்ண வச்சாங்க. ஜூலை 4 அன்னைக்கு மேஜர் லீக்குக்கு வந்தாரு, சீசன் முடியுறதுக்குள்ள 21 ஹோம் ரன். க்ரோஷேவுக்கு பதிலா வந்த கைல் டீலும் கேட்ச்சரா நல்லா செட் ஆயிட்டாரு. இன்னொன்னு, 121 தோத்தும் 2025 டிராஃப்ட்ல நமக்கு பத்தாவது பிக்தான் கெடச்சுது, பெரிய மார்க்கெட் டீம் ரெண்டு வருஷம் தொடர்ந்து லாட்டரில (டிராஃப்ட்ல மொத பிக்குங்க யாருக்குன்னு முடிவு பண்ற குலுக்கல்) வரக்கூடாதுன்னு ரூல். இந்தவாட்டி லாட்டரி நம்ம பக்கம் விழுந்து 2026-க்கு மொத பிக்கே நமக்குத்தான். அதுல யாரு வர்றாங்கன்னு பாக்குறதுக்காகவாவது இருக்கணும்ல.

சவுத்சைடு_செந்தில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கவிதா, அந்த மீன்ஸ் ஆட்டத்தோட வீடியோவ இப்பதான் தேடிப்பிடிச்சு பாத்தேன், பையனும் பக்கத்துல உக்காந்து மூணு தடவ ரீவைண்ட் பண்ணான்.

35வது தெரு, ஓனர் மேல உங்களுக்கு இருக்குற கோபம் எனக்கும் இருக்கு, ஆனா கிரவுண்டுக்கு போகாம என்னால இருக்க முடியாது. 2024 செப்டம்பர்ல ஏஞ்சல்ஸ் வந்த சீரீஸ் ஞாபகம் இருக்கா? தோல்வி 120-ல நிக்குது, ரெக்கார்டு தோல்விய பாக்கணும்னே வெளியூர் ஆளுங்க எல்லாம் வந்திருந்தாங்க. மொத நாள் எட்டாவது இன்னிங்ஸ் வரைக்கும் பின்னாடி இருந்து, திருப்பி 3-2-னு ஜெயிச்சாங்க. ஒருபக்கம் "டீமை வித்துடு"ன்னு கத்துறாங்க, அதே வாய்தான் ரன் விழுந்ததும் கைதட்டுது, நானும் ரெண்டையும் பண்ணேன், தொண்ட போயிடுச்சு. அந்த மூணு ஆட்டத்தையும் ஜெயிச்சு, நம்ம ஊர்ல ரெக்கார்டு விழ விடல பசங்க. ரேடியோல கேட்டிருந்தா எனக்கு பத்தியிருக்காது.

ஜப்பான்ல 2022-ல 56 ஹோம் ரன் அடிச்ச முரகாமி வேற நம்ம டீமுக்கு வந்திருக்காரு. ஏப்ரல்ல குளிர் கொஞ்சம் கொறஞ்சதும் பையனோட போறேன், மேல் டெக் டிக்கெட்தான். யாராவது வர்றதா இருந்தா மெசேஜ் போடுங்க, ரெட் லைன்ல சாக்ஸ்-35 ஸ்டேஷன்ல எறங்கி சேந்து நடந்துடலாம்.