அம்மம்மாவின் படத்துக்குச் சட்டம்: மூலை பொருந்தவில்லை, உதவுங்கள்

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறேன். அம்மம்மாவின் கல்யாணப் படம், 8க்கு 10 அங்குலம், ஓரமெல்லாம் பழுப்பேறி லாச்சிக்குள் கிடக்கிறது. திவசத்துக்கு முன் என் கையாலேயே சட்டம் போட்டு மாட்ட ஆசை.

மொரட்டுவையில் மகோகனித் துண்டுகள் மலிவாகக் கிடைத்தன. பள்ளம் கிண்டும் கருவி இல்லை. அதனால் அகலமான சட்டத்தின் பின்பக்கம் ஒடுக்கமான ஒன்றை ஒட்டிப் படிக்கட்டுபோல ஒரு விளிம்பு எடுத்தேன். கண்ணாடி அதில் அழகாக உட்காருகிறது.

சிக்கல் மூலையில்தான். 45 பாகைக்குக் கோடு போட்டுக் கைவாளால் வெட்டினேன். மூன்று மூலை பிடித்தது, நாலாவதில் நகம் நுழையும் அளவு இடைவெளி. வெட்டுக்கு அரைப் பாகை பிசகினாலே எட்டு வெட்டிலும் சேர்ந்து 4 பாகை ஆகிவிடும் அல்லவா?

மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தால் நிற்குமா? திரும்ப வெட்டப் பயமாக இருக்கிறது. எதிர்ச் சட்டத்தையும் அதே அளவு குறைக்க வேண்டும், அப்புறம் படத்தின் ஓரம் மறையும். அம்மம்மாவின் கை அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

45 பாகை வெட்டுப்பெட்டி (வாள் பிசகாமல் சரிவாக வெட்ட வழிகாட்டும் பெட்டி) கொழும்பில் மலிவாக எங்கே எடுக்கலாம்? யாராவது இரண்டு நாள் இரவல் தந்தாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.