வடாம் காணாமல் போன வழக்கு: பாஸ்ட் டென்ஸ் சொல்லித் தர இது போதுமா?

மாடிவகுப்பு எழுதியது:

வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். ஏழு பேர் வருகிறார்கள். துணிக்கடையில் சேல்ஸ் பார்க்கும் பெண்கள் மூன்று பேர், லேப் டெக்னீஷியன் ஒருவர், மீதி காலேஜ் பிள்ளைகள்.

பாஸ்ட் டென்ஸை அட்டவணை போட்டு நடத்தினேன், ஒட்டவில்லை. "நேத்து பாரிமுனை போயிருந்தேன்" என்பதை அப்படியே "ஐ ஹேட் கான் டு பாரிமுனை யெஸ்டர்டே" என்கிறார்கள். அங்கே வெறும் "வென்ட்" போதும் என்று எத்தனை தடவை சொல்வது?

அதனால் ஒரு மர்மக் கதை கட்டினேன். கயிற்றுக் கட்டிலில் வேட்டி விரித்து வடாம் காய வைத்திருந்தது. மத்தியானம் வந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. வேட்டி மட்டும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நாலாக மடித்து வைத்திருக்கிறது. யார் எடுத்தது?

ஏழு பேரும் "மே பி காக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வற்புறுத்தினால் "ஹீ மஸ்ட் ஹேஸ் டேக்கன்" வருகிறது, இல்லையென்றால் "ஷுட் ஹேவ் டேக்கன்". கதையில் கோளாறா, என் மேலேயா?

ரிட்டயர்டு வாத்தியார்:

ரெண்டு பேர் மேலேயும் இல்லை அம்மா. "செருப்பு வாசல்ல கிடக்கு, அவன் வந்திருக்கணும்." "ஆறு மணிக்கே வந்திருக்கணும், இன்னும் காணோம்." ரெண்டிலும் அதே "வந்திருக்கணும்"தான். இங்கிலீஷில் முதலாவது மஸ்ட் ஹேவ், இரண்டாவது ஷுட் ஹேவ். இந்த ஜோடியை முதலில் தமிழிலேயே சொல்லிச் சிரிக்க வையுங்கள், குழப்பம் பாதி போய்விடும்.

"எடுத்திருக்க முடியாது" என்பதற்கு கான்ட் ஹேவ். காக்கா வேட்டியை மடிக்காது, அதனால் "எ க்ரோ கான்ட் ஹேவ் டன் இட்". மஸ்ட், மைட், கான்ட் எது வந்தாலும் பின்னால் எப்போதும் ஹேவ்தான், ஹேஸ் கிடையாது. பேச்சில் அது "மஸ்டவ்" என்று தேய்ந்து கேட்கும். எழுதச் சொன்னால் சிலர் "மஸ்ட் ஆஃப்" என்று எழுதுவார்கள், அதையும் கவனியுங்கள்.

தாம்பரம்_லோக்கல்:

கதையில் கோளாறு இருக்கிறது, கோவிச்சுக்காதீங்க. எது முதலில் நடந்தது, எது பின்னால் என்பதற்கு உங்கள் துப்பில் வேலையே இல்லை. அப்புறம் ஹேட் எப்படி வரும்? ஒரு கோடை மழையைக் கொண்டு வாங்க. கட்டில் கயிறு சொட்டச் சொட்ட நனைந்திருக்கு, வேட்டி மட்டும் காய்ந்தே இருக்கு. அவ்வளவுதான். மழைக்கு முன்னாடியே யாரோ மடித்துவிட்டார்கள் என்று சொல்ல ஹேட் கச்சிதமாகப் பொருந்தும். பாரிமுனைக்கு ஏன் அது வேண்டாம் என்பதும் அப்போதுதான் புரியும்.

பீச் ஸ்டேஷன்:

நிஜ மர்மம் வேண்டுமென்றால் மேரி செலஸ்ட் கப்பல். 1872 நவம்பரில் 1,701 பீப்பாய் ஆல்கஹாலோடு நியூயார்க்கிலிருந்து ஜெனோவாவுக்குக் கிளம்பியது. கேப்டனின் ரெண்டு வயசு மகளையும் சேர்த்துப் பத்துப் பேர். டிசம்பரில் அட்லாண்டிக்கில் ஆளே இல்லாமல் மிதந்தது. உயிர்காக்கும் படகைக் காணோம், ஆனால் ஆறு மாசத்துக்குச் சாப்பாடு அப்படியே இருந்தது. அப்போ பட்டினியால் போயிருக்க முடியாது, படகில் ஏறியிருக்கணும். ஏன் ஏறினார்கள் என்பதற்கு இன்று வரை மைட் ஹேவ்தான்.

நம்ம ஊரிலேயே 1952 ஆளவந்தார் கொலை கேஸ் இருக்கு. போட் மெயில் ரயிலில் டிரங்குப் பெட்டிக்குள் உடல், ராயபுரம் கடற்கரையில் தலை. ஆனால் இருட்டின பிறகு மாடிப்படி இறங்கிப் போகிற பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

மாடிவகுப்பு:

நேற்று மழையைச் சேர்த்துப் பார்த்தேன். ஒரு மாசமாக வாயே திறக்காத சேல்ஸ் பெண் எழுந்து, "இட் ரெயின்ட் லேட்டர். சம்படி ஹேட் ஃபோல்டட் த வேட்டி பிஃபோர் தட்" என்றாள். எனக்குக் கை தட்டணும் போல இருந்தது.

நான் எழுதி வைத்திருந்த விடை கீழ் வீட்டு மாமி. லேப் டெக்னீஷியன் ஒத்துக்கொள்ளவே இல்லை. "மாமிக்கு முழங்கால் வலி, ஷீ கான்ட் ஹேவ் க்ளைம்ப்ட் த ஸ்டெப்ஸ். டஸ்டர், சாக்பீஸ் எல்லாத்தையும் தொட்டிக்கு அடியில வைக்கிறது யார்? யூ மஸ்ட் ஹேவ் டேக்கன் இட், மிஸ்" என்றார். மீதி ஆறு பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆதாரம் வேண்டும் என்று சமையலறை வரை வந்து டப்பாவைத் திறக்க வைத்தார்கள். உள்ளே வடாம் இருந்தது, போன வருஷத்தது. ஏழு பேருக்கும் பொரித்துப் போட்டேன்.