யூ-பூட் கான்ஃபிக் ஆவணம் 47 பக்கம், அதில் பாதி பொய்: எங்கே கை வைப்பது?

செங்கல்போர்டு:

வணக்கம். எங்கள் கம்பெனியில் ஏஎம்335எக்ஸ் சிப் வைத்த ஒரு கண்ட்ரோலர் போர்டு ஓடுகிறது, பூட்லோடர் (பவர் வந்ததும் முதலில் ஓடி லினக்ஸை ஏற்றும் நிரல்) யூ-பூட். அதன் கான்ஃபிக் ஆவணத்தை "சும்மா ஒழுங்குபடுத்து, ஒரு வாரம் போதும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். திறந்தால் 47 பக்க வேர்ட் கோப்பு. நாலு பேர் நாலு காலத்தில் எழுதியது, அவர்களில் ஒருவர்கூட இப்போது இங்கே இல்லை.

இந்த வேலை வந்த கதை இது. போன மாதம் சர்வீஸ் தம்பி ஒருவர் லினக்ஸிலிருந்தே எஃப்டபிள்யூ_செட்என்வ் (யூ-பூட் அமைப்புகளை மாற்றும் கருவி) கொடுத்து சர்வர் ஐபியை மாற்றப் பார்த்திருக்கிறார். என்வைரன்மென்ட் (யூ-பூட் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பகுதி) எங்கே இருக்கிறது என்று எஃப்டபிள்யூ_என்வ்.கான்ஃபிக் கோப்பில் சொல்ல வேண்டும் அல்லவா, எங்கள் ஆவணத்தைப் பார்த்து 512 கேபி என்று போட்டுவிட்டார். அந்த 512 முந்தைய போர்டின் கணக்கு, அதில் இருந்தது எஸ்பிஐ ஃபிளாஷ். இப்போதைய போர்டில் இருப்பது இஎம்எம்சி, வேறு வகை ஃபிளாஷ். அதில் யூ-பூட் இமேஜ் 384 கேபியில் தொடங்கி ஒரு மெகாபைட்டைத் தாண்டிப் போகிறது, என்வைரன்மென்ட் ஹெக்ஸ் 260000-இல்தான். அந்தக் கருவி 512 கேபியில் படித்துப் பார்த்து, சிஆர்சி (தரவு கெடாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) சரியில்லை, டீஃபால்ட்டை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒற்றை வரியில் எச்சரித்துவிட்டு, 128 கேபியை யூ-பூட்டின் வயிற்றிலேயே எழுதிவிட்டது. ரீபூட் செய்தால் எஸ்பிஎல் (யூ-பூட்டை ஏற்றும் சிறிய முதல் கட்டம்) பேனர் வருகிறது, எம்எம்சியிலிருந்து பூட் செய்ய முயல்கிறேன் என்று ஒரு வரி வருகிறது, அதோடு சரி. இப்படி எட்டு போர்டு. எஸ்டி கார்டு போட்டு ஒவ்வொன்றாக உயிர் கொடுத்தோம்.

மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவதா, இருப்பதைத் திருத்துவதா? எல்லா கான்ஃபிக் பெயருக்கும் மதிப்போடு பெரிய டேபிள் ஒன்று இருக்கிறது, மேலே இருப்பவர்களுக்கு அந்த டேபிள் வேண்டுமாம்.

யூஆர்ட்115200:

எழுதுவதை இப்போதைக்கு விடுங்கள், முதலில் கழிக்கிற வேலை. ஆவணத்தில் கான்ஃபிக்_ என்று தொடங்கும் பெயர்களை எல்லாம் ஒரு கோப்பில் உருவி எடுங்கள், பில்டு முடிந்ததும் கிடைக்கும், உண்மையில் பயன்பட்ட மதிப்புகள் உள்ள டாட்-கான்ஃபிக் கோப்போடு ஒப்பிடுங்கள். அதில் இல்லாத பெயரை சோர்ஸ் முழுக்க கிரெப் செய்யுங்கள். எங்கேயுமே கிடைக்கவில்லை என்றால் அது செத்த பெயர்.

நிறையவே செத்திருக்கும், ஆச்சரியப்படாதீர்கள். யூ-பூட்டில் முதலில் எல்லாமே போர்டு ஹெடர் கோப்பில் டிஃபைன்களாகக் கிடந்தவை. 2014-இல் லினக்ஸ் கர்னலின் கேகான்ஃபிக் என்ற அமைப்புத் தேர்வு முறையைக் கொண்டுவந்தார்கள், அப்புறம் ஒவ்வொன்றாக அதற்கு நகர்த்தியே எட்டு வருடம் ஓடியது. கேகான்ஃபிக்குக்குள் போகாமல் மிஞ்சியவற்றை 2022 கடைசி வாக்கில் சிஎஃப்ஜி_ என்ற முன்னொட்டுக்கு மாற்றினார்கள். அந்தச் சமயத்தில்தான் கான்ஃபிக்_சிஸ்_டெக்ஸ்ட்_பேஸ் நடுவில் இருந்த சிஸ்ஸை இழந்து கான்ஃபிக்_டெக்ஸ்ட்_பேஸ் ஆனது. உங்கள் ஆவணத்தில் பழைய பெயர்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

இதைவிட மோசமான இடம் ஒன்று உண்டு. டெஃப்கான்ஃபிக் கோப்பில் (போர்டுக்கு நாம் தேர்ந்தெடுத்த மதிப்புகளின் பட்டியல்) எங்குமே இல்லாத ஒரு பெயரை எழுதி வைத்தாலும் பில்டு கூச்சல் போடாது, சத்தமில்லாமல் விட்டுவிடும். பெயர் சரியாக இருந்து அதன் டிபெண்ட்ஸ் ஆன் (வேறு ஆப்ஷன் இருந்தால்தான் இது செல்லும் என்ற) நிபந்தனை நிறைவேறாவிட்டாலும் அதே கதைதான். அதனால் டெஃப்கான்ஃபிக்கைப் பார்த்து ஆவணத்தைத் திருத்தினால் அந்தப் பொய்யையும் சேர்த்து நகலெடுப்பீர்கள். மேக் சேவ்டெஃப்கான்ஃபிக் (டாட்-கான்ஃபிக்கிலிருந்து சுருக்கமான டெஃப்கான்ஃபிக்கை உருவாக்கும் கட்டளை) ஓட்டி, அது தரும் கோப்பையும் உங்களுடையதையும் டிஃப் போட்டுப் பாருங்கள். உங்கள் பக்கம் இருந்து அந்தப் பக்கம் இல்லாத வரிகளில் சில டீஃபால்ட்டும் மதிப்பும் ஒன்றாக இருப்பதாலோ, வேறு ஆப்ஷன் அவற்றைத் தானே செலக்ட் செய்வதாலோ போனவை, அவற்றால் பாதகமில்லை. மீதி எல்லாம் இத்தனை நாள் வேலையே செய்யாமல் கிடந்தவை.

பழையசால்டர்:

மேலே சொன்னது சரி, ஆனால் அந்த டேபிளை விட்டு வைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மதிப்பு டெஃப்கான்ஃபிக்கில் இருக்கிறது, அதையே வேர்டிலும் எழுதினால் இரண்டில் ஒன்று என்றைக்காவது பொய்யாகும், உங்கள் எட்டு போர்டு போனது அப்படித்தானே. மேலே இருப்பவர்களுக்கு டேபிள் வேண்டுமென்றால் ஒவ்வொரு ரிலீஸிலும் டாட்-கான்ஃபிக்கிலிருந்து ஸ்கிரிப்ட் வைத்து உருவாக்கிக் கொடுங்கள், கையால் யாரும் தொடக்கூடாது.

கையால் எழுத வேண்டியது காரணம் மட்டும். எங்கள் பழைய போர்டு ஒன்றில் பூட்-டிலே (பூட் ஆகும் முன் கீ அழுத்தக் காத்திருக்கும் நொடிகள்) -2 என்று இருந்தது. புதிதாக வந்த ஒருவர் பார்த்தார், 0 என்றாலும் காத்திருக்காமல்தானே பூட் ஆகும், எதற்கு இந்த விநோத எண் என்று 0 ஆக்கிவிட்டார். மேசையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. வண்டியில் மாட்டினால் பத்துக்கு மூன்று தடவை பூட் ஆகாமல் நிற்கிறது. கடைசியில் பார்த்தால், அதே சீரியல் லைனில் ஒரு ஜிபிஎஸ் மாட்யூல் தொங்குகிறது, பவர் வந்ததும் அது எதையோ கொட்டுகிறது. 0 என்றால் காத்திருப்பு இல்லையே தவிர, ஏதாவது கீ வந்திருக்கிறதா என்று யூ-பூட் ஒரு தடவை பார்க்கும். ஜிபிஎஸ் கொட்டியதை யாரோ கீ அழுத்தியதாக எடுத்துக்கொண்டு பிராம்ப்ட்டில் போய் உட்கார்ந்துவிடும். -2 என்றால் பார்க்கவே பார்க்காது. ஜிபிஎஸ் இருப்பதால் -2 என்று ஒரே ஒரு வரி எங்கேயாவது இருந்திருந்தால் எங்களுக்கு ஒன்பது நாள் மிச்சம்.

அந்த வரியை டெஃப்கான்ஃபிக்கில் கமெண்ட்டாகப் போட்டுவிடலாம் என்று தோன்றும். போடாதீர்கள், அடுத்த ஆள் சேவ்டெஃப்கான்ஃபிக் ஓட்டி அந்தக் கோப்பை மாற்றி வைத்தால் கமெண்ட் எல்லாம் காணாமல் போகும்.

செங்கல்போர்டு:

@பழையசால்டர் அப்போ எங்கே எழுதுவது அண்ணா? கமிட் மெசேஜில் எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்?

மேக்ஃபைல்:

நான் சொல்கிறேன். யூ-பூட் சோர்ஸிலேயே டாக் ஃபோல்டருக்குள் போர்டு என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, போர்டுக்கு ஒரு ஆர்எஸ்டி கோப்பு (எளிய உரை ஆவணம்), மேக் எச்டிஎம்எல்டாக்ஸ் கொடுத்தால் ஸ்ஃபிங்ஸ் என்ற கருவி அழகாகப் பக்கமாக்கித் தரும். உங்கள் போர்டுக்கும் அங்கேயே ஒன்று வையுங்கள். மதிப்பை மாற்றுகிற கமிட்டிலேயே காரணமும் மாற வேண்டும் என்று ரிவ்யூவில் பிடித்துக்கொள்ளுங்கள், வேர்ட் கோப்பு ஷேர் டிரைவில் கிடந்தால் இது நடக்கவே நடக்காது. நீங்களே சேர்த்த ஆப்ஷன் என்றால் கேகான்ஃபிக்கின் ஹெல்ப் பகுதியிலேயே எழுதலாம், மெனுகான்ஃபிக் திரையில் கேள்விக்குறி அழுத்தினால் வந்துவிடும். யூ-பூட்டின் மூலத் திட்டத்திலும் இதே பாடுதான், வேர் ஃபோல்டரில் இருக்கும் ரீட்மீ ஒரு காலத்தில் எல்லா கான்ஃபிக்கையும் விளக்கிக்கொண்டிருந்தது, கேகான்ஃபிக்குக்குப் போனவற்றை அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வந்தார்கள்.

இன்னொன்று, எஸ்பிஎல். ஆவணத்தில் "டிரைவர் எனேபிள் செய்யப்பட்டுள்ளது" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருப்பார்கள், எதில் என்று இருக்காது. பல ஆப்ஷன்களுக்கு எஸ்பிஎல்_ போட்ட இரட்டைப் பிறவி தனியாக இருக்கிறது, ஒன்றை ஆன் செய்தால் மற்றது ஆன் ஆகாது. உங்கள் சிப்பில் எஸ்பிஎல்லுக்குக் கிடைப்பது 109 கேபி. அதில் எதை ஏற்றினோம், எதை இடம் போதாமல் இறக்கினோம் என்பது கோடைப் பார்த்தால் தெரியாது. அதற்கு இரண்டு பத்தி கொடுங்கள், மற்றதைச் சுருக்கினாலும் பரவாயில்லை.

ஃபிளாஷ் செய்கிற முறையை இதோடு கலக்காதீர்கள். ப்ரொடக்‌ஷன் ஆளுக்கு எஸ்பிஎல் பற்றி எதற்கு?

செங்கல்போர்டு:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். யூஆர்ட்115200 சொன்னபடி உருவினால் 143 பெயர், அதில் 58 சோர்ஸிலேயே இல்லை. டெக்ஸ்ட்_பேஸ் பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். சேவ்டெஃப்கான்ஃபிக் டிஃப்பில் வாட்ச்டாக் (சிஸ்டம் தொங்கினால் ரீசெட் செய்யும் டைமர்) வரி ஒன்று சிக்கியது, எங்கள் டெஃப்கான்ஃபிக்கில் இருக்கிறது, டாட்-கான்ஃபிக்கில் இல்லை. யூ-பூட்டின் டிரைவர் மாடல் முறைக்கு மாறியபோது அதன் டிபெண்ட்ஸ் ஆன் உடைந்திருக்கிறது. பூட் சமயத்தில் வாட்ச்டாக் ஓடுகிறது என்று கஸ்டமரிடம் எழுதியே கொடுத்திருக்கிறோம், அது வேறு தலைவலி.

ஆர்எஸ்டி ஆறு பக்கத்தில் முடிந்தது, டேபிளை ஸ்கிரிப்ட் போடுகிறது. என்வைரன்மென்ட் ஆஃப்செட்டைப் பற்றி அதில் எண்ணே எழுதவில்லை, எஃப்டபிள்யூ_என்வ்.கான்ஃபிக் கோப்பையே பில்டு உருவாக்கி ரூட் ஃபைல்சிஸ்டத்தில் வைத்துவிடுகிறது.

பழையசால்டர்:

அருமை தம்பி. பழைய வேர்டின் பிரிண்ட் எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா என்று ப்ரொடக்‌ஷன் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்தீர்களா?

செங்கல்போர்டு:

இப்போதுதான் போய்விட்டு வந்தேன். டெஸ்ட் பெஞ்சுக்கு மேலே லேமினேட் செய்து மாட்டியிருந்தார்கள், 512-ஐச் சுற்றி சிவப்பு மையில் வட்டம் வேறு. கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன், இப்போது என் மேசையில் டீ டம்ளர் வைக்க உதவுகிறது.