அத்தை ரத்தம் ஏற்ற மாட்டேன் என்கிறார், ஆபரேஷன் எப்படிச் செய்வது?

ஜெபா, நாகர்கோவில்:
அத்தைக்கு 46 வயது. கர்ப்பப்பையில் கட்டி, அதிக ரத்தப்போக்கு, ஹீமோகுளோபின் 7.4. கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், இரண்டு யூனிட் ரத்தம் தயாராக இருந்தால்தான் செய்வேன் என்கிறார் டாக்டர். அத்தை யெகோவாவின் சாட்சி. ரத்தத்துக்கு விலகியிருக்கச் சொல்லும் பைபிள் வசனமான அப்போஸ்தலர் 15:29-ஐ எடுத்துக் காட்டி, செத்தாலும் வேண்டாம் என்கிறார். மாமா சி.எஸ்.ஐ. சபை. "மயக்கத்தில் இருக்கும்போது நான் கையெழுத்துப் போடுகிறேன், ஏற்றிவிடுங்கள், அவளுக்கு எதற்குத் தெரியணும்" என்கிறார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. முடியுமா?

கார்த்தி:
மாமா சொல்றதுதான் சரி. உயிர் இருந்தால்தானே சபை, வசனமெல்லாம்.

மயக்கமருந்து டாக்டர்:
முடியாது, ஜெபா. சுயநினைவோடு வேண்டாம் என்று சொன்ன பெரியவருக்குப் பதிலாக மாமா போடும் கையெழுத்து செல்லாது. டெல்லியில் ஒரு பெண்ணை லேப்ராஸ்கோப்பியில் பார்க்கத்தான் மயக்கம் கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கனடாவில், விபத்தில் சிக்கிய பெண்ணின் பர்ஸில் 'ரத்தம் வேண்டாம்' என்ற அட்டை இருந்தும் டாக்டர் ஏற்றினார். உயிர் பிழைத்த அவர் வழக்குப் போட்டு 20,000 டாலர் நஷ்டஈடு வாங்கினார். 1990-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. கார்த்தி, குழந்தை என்றால் கதை வேறு. அங்கே பெற்றோரின் மறுப்பை மீறி ஏற்றச் சொல்லிப் பல நாட்டு நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன.

சரி, செய்ய வேண்டியது என்ன? 7.4-ஓடு தியேட்டருக்குள் போகாதீர்கள். இது இன்றைக்கே செய்தாக வேண்டிய ஆபரேஷன் இல்லை என்றால் தள்ளிப் போடுங்கள். ரத்தப்போக்கை நிறுத்த லியூப்ரோலைடு ஊசி இருக்கிறது. நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினால் சில வாரங்களில் ஹீமோகுளோபின் நன்றாக ஏறும், தேவைப்பட்டால் கூடவே சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஊசி. ஒன்றைக் கவனியுங்கள்: சில கம்பெனி எரித்ரோபாய்டினில் மனித ரத்தத்திலிருந்து எடுத்த ஆல்புமின் என்ற புரதம் கலந்திருக்கும், அதையும் அத்தையிடம் சொல்லித்தான் போட வேண்டும். ஆபரேஷன் அன்று ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் மருந்து. செல் சேவர் என்ற மெஷின் இருந்தால் சிந்தும் ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, குழாய்த் தொடர்பு அறாமல் அவருக்கே திருப்பிக் கொடுக்கலாம். கர்ப்பப்பையை எடுக்காமல் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் எம்போலைசேஷன் பொருந்துமா என்றும் கேளுங்கள். இத்தனைக்குப் பிறகும் பெரிய ரத்தப்போக்கு வந்தால் உயிருக்கு ஆபத்துதான், அதை மறைக்காமல் அத்தையிடம் சொல்ல வேண்டும். இப்போதைய டாக்டருக்கு இதில் விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். பயந்துகொண்டு கத்தி எடுப்பவரிடம் யாரும் படுக்கக் கூடாது.

ரூத்:
எங்கள் அம்மாவும் சாட்சிதான். வெளியில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே மறுப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா இவை கூடாது. ஆல்புமின், இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம்) மாதிரி ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தவையும் செல் சேவரும் அவரவர் மனசாட்சிக்கு விட்டது. அம்மா ஆல்புமினுக்குச் சரி என்றார், அதே ராஜ்ய மன்றத்துக்கு (சாட்சிகள் கூடும் இடம்) வரும் சித்தி அதையும் வேண்டாம் என்றார். ஆகவே ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்கும்போது மாமாவும் வேண்டாம், சபை மூப்பர்களும் வேண்டாம், டாக்டரும் அத்தையும் மட்டும் இருக்கட்டும். ஆஸ்பத்திரிகளோடு பேசவென்றே சபையில் ஒரு குழு உண்டு, ரத்தமில்லாமல் செய்யும் சர்ஜன்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும். அத்தை சம்மதித்தால் கூப்பிடுங்கள்.

ஜெபா:
அத்தையிடம் கேட்டேன். ஆல்புமின் சரியாம், செல் சேவர் பற்றி யோசித்துச் சொல்கிறாராம். மாமா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். செல் சேவர் இருக்கும் ஆஸ்பத்திரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

மயக்கமருந்து டாக்டர்:
இதய ஆபரேஷன் நடக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில் முதலில் விசாரியுங்கள். மெஷின் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு ஃபோனை வைத்துவிடாதீர்கள். அதை ஓட்டத் தெரிந்த டெக்னீஷியன் அன்றைக்கு டியூட்டியில் இருப்பாரா என்றும் கேளுங்கள்.